பெட்டி காலியானால்: ரோல்பிளே சர்வரில் திருட்டு வழக்கைத் தீர்ப்பது

ரோல்பிளே சர்வர், அதாவது ஒவ்வொருவரும் ஒரு கேரக்டராக நடித்து ஆடும் இணைய உலகம், நடத்தும் எல்லோருக்கும் இந்த மெசேஜ் ஒருநாள் வந்தே தீரும். "அண்ணா, என் பெட்டியில இருந்த வைரம் மொத்தமும் போச்சு. யாருன்னு எனக்குத் தெரியும். பேன் பண்ணுங்க, சர்வருக்குள்ள விடாதீங்க." கொஞ்ச நேரத்தில் அடுத்தது: "ப்ரோ, என் கேரக்டரே திருடன்தான். கதைப்படிதான் எடுத்தேன்." இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த வழக்குகள் அட்மின்களைப் பாடாய்ப் படுத்துகின்றன.

திருட்டு நடந்ததா என்பதில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. அது ஆட்டத்தின் பகுதியா, ஆட்டத்துக்கு எதிரானதா என்பதில்தான் சிக்கல். இதைப் பிரித்தறிய நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு: பொருளை இழந்தவருக்கு அதைத் தடுக்கவோ, கண்டுபிடிக்கவோ, துரத்திப் பிடிக்கவோ ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருந்ததா? இருந்தது என்றால் அது கதை. அட்மின் கைவைக்கக் கூடாது. இல்லை என்றால், எடுத்தவர் எவ்வளவு அழகாக நடித்திருந்தாலும் அது அட்மின் தீர்க்க வேண்டிய வழக்கு.

1997 செப்டம்பரில் வந்த, பலர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் அல்டிமா ஆன்லைன் இதற்கு நல்ல சான்று. அங்கே திருட்டு ஒரு முறையான திறன். அடுத்தவர் பைக்குள் எட்டிப் பார்க்க ஒரு திறன், எடுக்க இன்னொரு திறன். திறன் 100ஐத் தொட்டாலும் 10 ஸ்டோன் எடைக்கு மேல் உருவ முடியாது. பிறர் கண்ணில் பட்டால் திருடனின் பெயர் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் பெயர்க்காரரை யார் அடித்தாலும் குற்றமில்லை. ஊருக்குள் நின்று "கார்ட்ஸ்" என்று டைப் செய்தால் காவலர் தோன்றி அங்கேயே தீர்த்துக்கட்டிவிடுவார். எடையில் ஒரு வரம்பு, பெயரில் ஒரு அடையாளம், கூப்பிட்டால் வர ஒரு காவலர் என இழந்தவருக்கு மூன்று பிடிமானங்கள் இருந்தன. ஊர் எல்லையைத் தாண்டினால் அப்படி எதுவும் இல்லை. கும்பலாகக் காத்திருந்து கொல்பவர்களிடம் புதியவர்கள் மாட்டிக்கொண்டு ஆட்டத்தையே விட்டுப் போனார்கள். 2000இல் நிறுவனம் உலகத்தையே இரண்டாக்க வேண்டியதாயிற்று: பெலூக்கா பழையபடி இருக்கும், ட்ராமெலில் சம்மதமில்லாத சண்டையும் திருட்டும் கிடையாது. பிடிமானம் இல்லாத இழப்பை ஆட்டக்காரர்கள் பொறுப்பதில்லை என்பதைத்தான் அந்தப் பிரிவினை காட்டுகிறது.

விண்வெளி ஆட்டமான ஈவ் ஆன்லைன் எதிர்த்திசையில் போனது. 2005இல் ஒரு குழு, சுமார் ஓராண்டு காலம் இன்னொரு கார்ப்பரேஷனுக்குள் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு) ஊடுருவி நம்பிக்கை சம்பாதித்து, ஒரே நாளில் தலைவரின் கப்பலை அழித்துக் கிடங்குகளைத் துடைத்தெடுத்தது. நிறுவனம் எதையும் திருப்பித் தரவில்லை. துரோகமும் ஏமாற்றும் அந்த ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்டவை. அது அங்கே நியாயமாக நிற்கிறதென்றால், சேரும் ஒவ்வொருவருக்கும் அது முன்பே தெரியும் என்பதால்தான். போதாக்குறைக்கு, கார்ப்பரேஷன் கிடங்கை ஏழு பிரிவாக்கி யாருக்கு எது திறக்கும் என்று தலைவரே வைத்துக்கொள்ள ஆட்டம் வசதியும் தருகிறது. அந்த வசதி இல்லாத சிறிய சர்வரில் "இது ஈவ் மாதிரி" என்று சொல்லிவிட்டு அட்மின் ஒதுங்கிக்கொள்வது பொறுப்பைக் கைகழுவுவதே.

இனி வருவதெல்லாம் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் ஓடும் சிறிய ரோல்பிளே சர்வர்களை மனதில் வைத்து எழுதியது. நிறுவனமோ காவலரோ இல்லாத இடம் அது. இரண்டு மூன்று அட்மின்களும், யார் என்ன செய்தார் என்று பதியும் ஒரு லாக்கும்தான் அங்கே சட்டம்.

விதி முன்னால் வர வேண்டும்

"திருட்டு அனுமதி உண்டு, ஆனால் நியாயமாக இருக்கணும்" என்று எழுதுவது விதியல்ல. எங்கே, எவ்வளவு, எப்போது, எந்தத் தடயத்தோடு என்ற நான்குக்கும் எண்ணோடு பதில் இருக்க வேண்டும். நன்றாக நடக்கக்கூடிய ஒரு விதி இப்படி இருக்கும்: ஒரு தடவைக்கு ஒரு வீட்டிலிருந்து 3 ஸ்லாட் (பெட்டியில் ஓர் அடுக்கு பொருள் வைக்கும் கட்டம்) வரை, வீட்டுக்காரரோ, அவர் ஊரைச் சேர்ந்த இரண்டு பேரோ அப்போது ஆன்லைனில் இருக்க வேண்டும், திறந்த கதவோ, உடைந்த கண்ணாடியோ, கீழே விழுந்த ஒரு பொருளோ ஏதாவது ஒரு தடயம் விட வேண்டும், அதே வீட்டில் 7 நாளுக்கு மீண்டும் கைவைக்கக் கூடாது. எண்களை உங்கள் சர்வருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆன்லைன் நிபந்தனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆள் தூங்கும்போது பெட்டி காலியானால் அங்கே கதையே இல்லை. காலையில் எழுந்தவருக்கு மிஞ்சுவது வெறும் நஷ்டம்.

ஸ்லாட் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. ஷல்கர் பெட்டி ஒரே ஸ்லாட்டில் உட்காரும், அதற்குள் 27 ஸ்லாட் சரக்கு இருக்கும். மூன்று ஸ்லாட் என்று எழுதிவிட்டு ஷல்கரைச் சேர்க்க மறந்தால் 81 ஸ்லாட் போய்விடும். நிரம்பிய ஷல்கரை எடுக்கக் கூடாது என்று தனியாக எழுத வேண்டும்.

எண்டர் செஸ்ட்டில் பிரச்சினை தலைகீழ். அதில் வைத்தது அவரவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும், எவராலும் எடுக்க முடியாது. 27 ஸ்லாட்டிலும் ஷல்கரை அடுக்கினால் 729 ஸ்லாட் சொத்து யாரும் தொட முடியாத இடத்தில் போய் உட்காரும். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாவற்றையும் அங்கே வைத்துவிடுவார்கள். எண்டர் செஸ்ட் செய்ய வசதியில்லாத புதியவரின் மரப்பெட்டிதான் திருட்டுக்குக் கிடைக்கும். திருட்டை அனுமதிக்கும் சர்வர் ஒன்று எண்டர் செஸ்ட்டை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் ஷல்கர் வைப்பதையாவது தடுக்க வேண்டும். இது நுணுக்கமான விஷயம் போலத் தெரியலாம். ஆனால் இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதை முடிவு செய்வது இதுதான்.

பூட்டு பிளகின் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரல்) வைத்திருக்கும் சர்வர்களும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். உடைக்கவே முடியாத பூட்டைக் கொடுத்துவிட்டுத் திருடன் வேடத்தையும் அனுமதித்தால், பூட்டத் தெரியாதவர் மட்டுமே பலியாவார். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி மட்டும் பூட்டலாம், மற்றவை திறந்திருக்கும் என்ற ஏற்பாடு இரு தரப்புக்கும் சரியாக வரும்.

ரகசியத் தகவல் எங்கிருந்து வந்தது என்பதையும் விதி தொட்டாக வேண்டும். டிஸ்கார்டில் யாரோ போட்ட ஸ்க்ரீன்ஷாட்டின் ஓரத்தில் கோஆர்டினேட், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள், தெரியும். அதைப் பார்த்துப் போய்ப் பெட்டியைத் தோண்டி எடுத்தவரின் கேரக்டர் அந்த இடத்தை அறியவே இல்லை. இதைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: "உங்கள் கேரக்டருக்கு இந்த இடம் எப்படித் தெரிய வந்தது?" கதைக்குள்ளேயே உளவு பார்த்தவர் யாரிடம் கேட்டார், எங்கே ஒளிந்திருந்தார் என்று உற்சாகமாகச் சொல்வார். மற்றவர் தடுமாறுவார்.

லாக்கைப் படிப்பது

இந்த வேலைக்குப் பெரும்பாலான சர்வர்கள் பயன்படுத்துவது கோர்ப்ரொடெக்ட் என்ற பிளகின். இன்ஸ்பெக்ட் முறையைப் போட்டுக்கொண்டு பெட்டியை ரைட் கிளிக் செய்தால் யார் என்ன வைத்தார், யார் என்ன எடுத்தார் என்று + − குறியோடு வரும். பிளாக்கை லெஃப்ட் கிளிக் செய்தால் அதை வைத்தவர் பெயர் தெரியும். உடைக்கப்பட்டுக் காலியாக இருக்கும் இடத்தின் வரலாறு வேண்டுமென்றால், இன்ஸ்பெக்ட் முறையிலேயே அங்கே ஒரு பிளாக்கை வைத்துப் பார்க்க வேண்டும்.

புகார் வந்ததும் முதல் வேலை, அந்தப் பெட்டியை யாரும் தொடாமல் நிறுத்துவது. புகார் கொடுத்தவரே பதற்றத்தில் பொருட்களை எடுத்து மாற்றி வைத்து லாக்கில் இருபது வரி சேர்த்துவிடுவார். இடம், நேரம், காணாமல்போன பொருட்களின் பட்டியல் மூன்றையும் அவரிடம் லாக் பார்ப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். பின்னால் வாங்கினால், நீங்கள் பார்த்த லாக்கின் வாசனை அவர் பட்டியலில் ஏறிவிடும்.

நேரத்தைப் படிப்பதில் அடிக்கடி தவறு நடக்கிறது. லாக்கில் 1.50 மணி முன்பு என்று வந்தால் அது ஒன்றரை மணி நேரம். ஒரு மணி ஐம்பது நிமிடம் அல்ல. அந்த இருபது நிமிட வித்தியாசத்தில், ஆன்லைனிலேயே இல்லாத ஒருவரின் தலையில் பழி விழலாம். ஸ்க்ரீன்ஷாட்டில் எப்போதும் உங்கள் கடிகாரமும் தெரியட்டும். லாக் காட்டுவது எத்தனை நேரத்துக்கு முன் என்ற கணக்கு என்பதால், கடிகாரம் இல்லாத படம் மறுநாளே பயனற்றுப் போகும்.

பெட்டி லாக்கில் பெயருக்குப் பதிலாக ஹாப்பர் என்று வந்தால், யாரோ பெட்டிக்கு அடியில் ஹாப்பர் வைத்து உறிஞ்சியிருக்கிறார்கள். ஹாப்பர் ஒரு பொருளை நகர்த்த 8 டிக் (ஆட்டத்தின் நேர அலகு, நொடிக்கு 20) எடுக்கும், அதாவது நொடிக்கு இரண்டரை பொருள். 64 கொண்ட ஓர் அடுக்கு இறங்க 26 நொடி. 54 ஸ்லாட்டும் நிரம்பிய இரட்டைப் பெட்டி முழுதாகக் காலியாக 23 நிமிடம் பிடிக்கும். ஹாப்பருக்குள் 5 ஸ்லாட்தான் இருப்பதால் அதற்கும் கீழே இன்னொரு பெட்டி இருந்திருக்க வேண்டும். எனவே கீழே தோண்டப்பட்ட இரண்டு இடங்களையும் பார்த்து, வைத்தவர் யார், உடைத்தவர் யார் என்று தேடுங்கள். பெயர் அங்கே கிடைக்கும்.

ஆனாலும் லாக் சொல்வது யார் கை பட்டது என்பதை மட்டும்தான். யார் அனுமதித்தார் என்பது அதில் இருக்காது. அண்ணன் தம்பி ஒரே அக்கவுண்டில் விளையாடினால் எந்தக் கை என்றுகூடச் சொல்லாது. லாக்கைப் பார்த்த அடுத்த நொடி பேன் போடும் அட்மின் பாதி விசாரணையோடு தீர்ப்பு எழுதுகிறார்.

ஓர் ஊர்க் கிடங்கை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு ஆந்தை என்ற ஆட்டக்காரரின் பெயரில் −64 இரும்புக் கட்டி மூன்று வரியாக வந்திருக்கிறது. இப்போது அவரிடம் கேட்பது இப்படி இருக்க வேண்டும்: "தம்பி, சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை வாக்கில் ஊர்க் கிடங்கிலிருந்து 192 இரும்பு உங்க பேர்ல வெளியே போயிருக்கு. எதுக்கு எடுத்ததுன்னு சொல்றீங்களா?" தனி டிக்கெட்டில், அதாவது அந்தப் புகாருக்கென்றே திறக்கும் உரையாடலில், வேறு யாரும் பார்க்காத இடத்தில். "ஏன் திருடினீங்க?" என்று ஆரம்பித்தால் அதற்குமேல் அவர் வாயிலிருந்து தகவல் வராது, தற்காப்புதான் வரும். அவர் சொல்கிறார்: "தலைவர் எடுத்துக்கச் சொன்னார் அண்ணா, தண்டவாளம் போடுறதுக்கு." இதைச் சரிபார்க்கலாம். அதே நேரத்தில் அவர் வேறு பெட்டிகளில் வைத்தவை என்ன, தண்டவாள பிளாக் எத்தனை வைத்தார் என்று லுக்கப்பில் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 6 இரும்புக்கும் ஒரு குச்சிக்கும் 16 தண்டவாளம் கிடைக்கும். 192 இரும்புக்கு 512. வழியில் ஐந்நூறு சொச்சம் தண்டவாளம் கிடந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. நாற்பதுதான் இருக்கிறது என்றால், அடுத்த கேள்வியைத் தலைவரிடம் கேட்க வேண்டும்.

பதில் சொல்ல 48 மணி நேரமாவது கொடுங்கள். பள்ளி, வேலை, நெட் பிரச்சினை எல்லாம் உண்டு. அதுவரை பேன் வேண்டாம். சர்ச்சைக்குரிய பொருளை மட்டும் அட்மின் பெட்டிக்கு நகர்த்தி வைத்தால் போதும். பொதுச் சாட்டில் பெயர் வெளியே வரக் கூடாது. நிரபராதி என்று பிறகு தெரிந்தாலும், ஒரு தடவை "கள்ளன்" என்று கூப்பிட்ட வாய் நிற்காது.

பொருளைத் திருப்புவது

நடந்ததைப் பழைய நிலைக்குத் திருப்பும் ரோல்பேக் கட்டளை கையில் இருக்கும்போது அதை அழுத்தத் தோன்றும். ஆனால் பெட்டியை ரோல்பேக் செய்தால் பொருள் பெட்டிக்குத் திரும்புமே தவிர, எடுத்தவர் பையிலிருந்து அதுவாக மறையும் என்று நம்பக் கூடாது. ஒரே வைரம் இரண்டு இடத்தில் இருக்கும். இப்படி ஒவ்வொரு வழக்கிலும் சரக்கு இரட்டித்தால், திருடனும் பறிகொடுத்தவரும் கூட்டுச் சேர்ந்து புகார் கொடுக்கும் நாள் வரும். அதனால் முதலில் எடுத்தவரிடமிருந்து கைப்பற்றுங்கள், பிறகு கையாலேயே திருப்பி வையுங்கள். ரோல்பேக்கை உடைத்தல், எரித்தல் போன்ற சேதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஆள் பெயர், கால அளவு, சுற்றளவு மூன்றையும் கொடுத்து, ப்ரிவ்யூ பார்த்த பிறகே உறுதிசெய்ய வேண்டும். பெயர் இல்லாமல் செய்த ரோல்பேக், பக்கத்து வீட்டுக்காரர் அன்று கட்டிய சுவரையும் சேர்த்துத் தின்றுவிடும். தவறிவிட்டால், செய்த ரோல்பேக்கை நீக்கும் ரெஸ்டோர் கட்டளை உண்டு. அதே அளவுகோல்களோடு உடனே போடுங்கள்.

வைரம் ஏற்கெனவே கவசமாகிவிட்டது, விற்கப்பட்டுவிட்டது என்றால், கிரியேட்டிவ் முறையில் புதிதாக உருவாக்கிக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. எடுத்தவர் உழைத்துச் சேர்த்துத் தரட்டும். இரண்டு வாரக் கெடு, வாரம் பாதி. வாங்கியவர் திருட்டுப் பொருள் என்று தெரியாமல் வாங்கியிருந்தால் அவரிடமிருந்து பிடுங்கக் கூடாது. அவரும் இன்னொரு பலியாகிவிடுவார்.

இதற்கு மறுபக்கம் உண்டு, அதுதான் அதிகம் மீறப்படுகிறது. விதிக்குள் நடந்த திருட்டில் பொருளை அட்மின் திருப்பித் தரவே கூடாது. இழந்தவர் அழுதாலும், பழைய நண்பராக இருந்தாலும், பத்து வைரம்தானே என்று தோன்றினாலும். ஒருமுறை தந்தால் போதும், அதன்பின் கதைக்குள் காவலரை அழைக்கவும், தடயம் தேடவும், ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டவும் எவரும் மெனக்கெட மாட்டார்கள். டிக்கெட் போடுவதுதான் சுலபம் என்றாகிவிடும்.

தண்டனையைத் திருப்புதலோடு குழப்ப வேண்டாம். முதல் மீறலுக்குத் திருப்புதலும் எழுத்து எச்சரிக்கையும் போதும். இரண்டாவதற்கு, 30 நாள் திருடன் வேடம் போடும் உரிமையைப் பறியுங்கள்; மூன்று நாள் பேனைவிட அது நேராகத் தைக்கும், ஆளும் ஆட்டத்தில் இருப்பார். அக்கவுண்டைக் கைப்பற்றுவது, பொருளை நகலெடுக்கும் பிழையைப் பயன்படுத்துவது, தொடர்ந்து ஒருவரைக் குறிவைத்துத் தொல்லை செய்வது ஆகியவற்றுக்கு இந்தப் படிக்கட்டு கிடையாது, நேராக வெளியேற்றம்தான். கதைக்குள் சிறை வைத்தால் அங்கே செய்ய ஏதாவது இருக்கட்டும். கல்லுடைத்துக் கடனை அடைக்கலாம், தப்பிக்கத் திட்டமிடலாம். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது கதையே அல்ல.

பழிவாங்கலும் பொதுப் பெட்டியும்

திருட்டைவிட அதற்குப் பின் வரும் சண்டைதான் சர்வரைக் கலைக்கும். "அவன் 20 வைரம் எடுத்தான், நான் அவன் வீட்டை எரிச்சேன், கணக்கு சரி" என்பார்கள். சரியில்லை. இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக, தனித்தனித் தீர்ப்பாக எழுதுங்கள். முதல் திருட்டு விதிமீறல் என்றால் அது இரண்டாவது குற்றத்தின் தண்டனையைக் குறைக்கலாம், இல்லாமலாக்காது.

ஊரை விட்டுப் போகிறவர் கிளம்பும் இரவில் பொதுக் கிடங்கைத் துடைத்துக்கொண்டு போவது இன்னொரு வகை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்ற மனநிலை. "நான் போட்டதைத்தான் எடுத்தேன்" என்பார், லாக்கில் + வரிகளைக் கூட்டிப் பார்த்தால் உண்மையாகவும் இருக்கும். அந்தக் கூட்டலை ஏற்காதீர்கள். அவர் இரும்பு போட்டபோது இன்னொருவர் மதில் கட்டினார், வேறொருவர் காவல் நின்றார். அதெல்லாம் பெட்டி லாக்கில் ஏறாது. பொதுப் பெட்டியில் விழுந்தது ஊருடையது, இரவல் கொடுத்ததென்றால் பலகையில் பெயரோடு தனிப்பெட்டியில் இருக்க வேண்டும் என்று ஊர் தொடங்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள். ஈவ் கார்ப்பரேஷன்களைப் போல நம்பிக்கைக்கேற்பப் பெட்டிகளைப் பிரிப்பது இன்னும் நல்லது: புதியவர் எடுக்க ஒன்று, மூத்தவர்களுக்கு ஒன்று, தலைவரிடம் ஒன்று.

சில விஷயங்கள் ஆட்டத்தை விட்டே வெளியேறிவிடும். 2007இல் நெதர்லாந்தில் இரண்டு இளைஞர்கள் 13 வயதுப் பையனை அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ரூன்ஸ்கேப் என்ற இணைய ஆட்டத்தில் லாகின் செய்ய வைத்து ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்கள் அக்கவுண்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். 2012 ஜனவரி 31 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருட்டு என்றே உறுதிசெய்தது. மிரட்டலோ, பாஸ்வேர்டு களவோ, பணம் வாங்கிவிட்டுப் பொருள் தராத மோசடியோ வந்தால் அட்மின் நீதிபதியாக உட்காரக் கூடாது. லாக்கையும் சாட் பதிவுகளையும் அப்படியே சேமித்துக் கொடுத்து, சிறுவராக இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லச் செய்யுங்கள். இந்தியாவில் யூபிஐ பண மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குத் தாமதமில்லாமல் அழைக்கச் சொல்லுங்கள்.

அட்மின் பக்கம்

1992 இறுதியில் லாம்ப்டாமூ என்ற எழுத்துவழி உலகை நடத்திய பாவெல் கர்ட்டிஸ், நிர்வாகிகள் இனித் தொழில்நுட்ப வேலை மட்டுமே பார்ப்பார்கள், மனிதர்களுக்கிடையிலான தகராறுகளில் தலையிட மாட்டார்கள் என்று அறிவித்தார். 1996இல் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. சர்வரின் சாவியை வைத்திருப்பவர் ஒதுங்கி நின்றாலும் அதுவும் ஒரு தரப்புக்குச் சாதகமாகத்தான் முடியும். எனவே ஒதுங்குவதற்குப் பதிலாகக் கையைக் கட்டிக்கொள்ளும் ஏற்பாடுகள் தேவை. விசாரிப்பவர் ஒருவர், தீர்ப்பு சொல்பவர் வேறொருவர். இருவருமே சம்பந்தப்பட்ட ஊர்களில் வசிக்காதவர்கள். ஒரே அட்மின்தான் என்றால், மூன்றாம் ஊர்க்காரர் ஒருவரிடம் லாக்கைக் காட்டிக் கருத்து கேட்டுவிட்டு எழுதலாம். அட்மின் விளையாட அதிகாரம் ஏதுமில்லாத தனி அக்கவுண்ட் வைத்துக்கொள்ள வேண்டும். எதிரி ஊர்ப் பெட்டிகளை இன்ஸ்பெக்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் படையெடுப்பது வேலியே பயிரை மேய்வதுதான்; அது தெரிந்த நாளில் அந்த அட்மின் சொன்ன பழைய தீர்ப்புகள் எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும்.

ஐபி முகவரியை மட்டும் வைத்து இரண்டு பேரை ஒருவர் என்று முடிவு கட்டாதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது ஐபியைப் பலர் பகிர்கிறார்கள். ஐபி பேன் போட்டால் சம்பந்தமில்லாதவர் கதவும் மூடிக்கொள்ளும். விளையாடும் நேரம், டைப் செய்யும் முறை, ஒருவர் வெளியேறிய நொடியில் மற்றவர் நுழைவது இவையெல்லாம் சேர்ந்து வந்தால்தான் பேச முடியும்.

கடைசியாக மேல்முறையீடு. ஒரு முறை, 7 நாளுக்குள், முதல் வழக்கைத் தொடாத அட்மினிடம். அவர் தண்டனையைக் குறைக்கலாம், ரத்து செய்யலாம், கூட்டக் கூடாது. கூடும் என்ற பயம் இருந்தால் நிரபராதிகூட வாய் திறக்க மாட்டார். ரத்தானால், தண்டனை எந்தச் சேனலில் அறிவிக்கப்பட்டதோ அதே சேனலில் அவர் பெயரோடு ரத்தையும் அறிவித்து, பெயருக்கு அருகில் போட்ட எச்சரிக்கைக் குறியை அன்றைக்கே எடுத்துவிட்டு, அட்மின் பெட்டியில் வைத்த பொருளை எண்ணிப் பார்த்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.